ஓப்பன் சோர்ஸ் வளர்ந்திருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் பள்ளி முடித்து, இப்போது எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஓப்பன் சோர்ஸின் வளர்ச்சி பற்றி புராஜெக்ட் செய்கிறேன். கிட்ஹப்பில் ரெப்போக்கள் 60 கோடியைத் தாண்டிவிட்டன, ஆகவே ஓப்பன் சோர்ஸ் எகிறிக்கொண்டிருக்கிறது. லைசென்ஸில் எம்ஐடி முதலிடம், ஆகவே ஜிபிஎல் ஓய்ந்துவிட்டது. மொழிகளில் டைப்ஸ்கிரிப்ட் முதலிடம், ஆகவே இனி அதுதான். இந்த மூன்றையும் கிராஃப் போட்டு விளக்கினால் போதுமா அண்ணா?"

போதாது தம்பி. எண்களில் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு 'ஆகவே' போட்டிருக்கிறீர்களே, வைவா எடுக்க வருபவர் அங்கேதான் பிடிப்பார். இந்த விஷயத்தில் யார் எதை எண்ணினார்கள், எந்தக் குவியலிலிருந்து எண்ணினார்கள் என்று பார்க்காமல் ஒரு எண்ணையும் எடுத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துறைக்குப் புதியவர்களுக்காக நாலு சொல்: ஓப்பன் சோர்ஸ் என்பது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் லைசென்ஸ் தந்த நிரல். கிட்ஹப் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம், ரெப்போ அதில் ஒரு திட்டத்தின் கோப்புக் கிடங்கு. எம்ஐடி ஏறக்குறைய நிபந்தனையே இல்லாத லைசென்ஸ், ஜிபிஎல் மாற்றிப் பகிர்பவரும் அதே உரிமையைத் தர வேண்டும் என்று கேட்பது. டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் விரிவு.

முதலில் அந்த 60 கோடி. கிட்ஹப் 2025-ல் வெளியிட்ட ஆண்டறிக்கையில் மொத்த ரெப்போக்கள் 63 கோடி என்று இருந்தது. அது அந்தத் தளத்தில் இருக்கும் எல்லாமும் சேர்ந்த கணக்கு. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை அதில் 63% அளவுதான், மீதி கம்பெனிகளும் தனி ஆட்களும் பூட்டி வைத்திருப்பவை. அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு, அதை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: அந்த வருடப் பங்களிப்புகளில் 81.5% நடந்தது பூட்டிய ரெப்போக்களுக்குள். அதாவது கிட்ஹப்பின் வளர்ச்சி கிட்ஹப் என்ற நிறுவனத்தின் வளர்ச்சி. ஓப்பன் சோர்ஸ் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

சரி, திறந்திருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதிலும் லைசென்ஸ் இல்லாமல் கிடப்பவை ஏராளம். 2013-ல் ஆரன் வில்லியம்சன் என்ற வழக்கறிஞர் சுமார் 17 லட்சம் கிட்ஹப் ரெப்போக்களை அலசியபோது, மேல் ஃபோல்டரில் லைசென்ஸ் கோப்பு வைத்திருந்தவை 14.9% மட்டுமே. அந்தப் பேச்சு சூடு பிடித்த வருடம்தான் கிட்ஹப் புது ரெப்போ திறக்கும்போதே லைசென்ஸ் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி வைத்தது. அப்படியும் 2015-ல் அவர்களே எண்ணிச் சொன்னபோது 20%-ஐத் தொடவில்லை. லைசென்ஸ் இல்லாத நிரல் சட்டப்படி எழுதியவரின் முழு உடைமை. நீங்கள் படித்துப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்த உரிமை கிடையாது. அதை ஓப்பன் சோர்ஸ் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் நகல். 2017-ல் வந்த ஓர் ஆய்வில் ஜாவா, சி++, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் சேர்த்து 45 லட்சம் கிட்ஹப் திட்டங்களை எடுத்தார்கள். ஃபோர்க் செய்தவற்றை, அதாவது ஒருவரின் திட்டத்தை இன்னொருவர் தன் கணக்குக்கு அப்படியே நகலெடுத்தவற்றை, முன்பே கழித்துவிட்டார்கள். கோப்புகள் 42.8 கோடி. அவற்றில் ஒன்றையொன்று ஒத்திராத தனிக் கோப்புகள் எத்தனை தெரியுமா? 8.5 கோடி. ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் பார்த்தால் 6% கோப்புகளே தனித்தவை. காரணம், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை (பேக்கேஜ்களை) இறக்கித் தரும் என்பிஎம் என்ற கருவி அவற்றைப் போட்டு வைக்கும் நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே கிட்ஹப்பில் ஏற்றிவிடும் பழக்கம். ஒரே நூலகம் பல லட்சம் இடங்களில் கிடக்கும், எண்ணுகிறவர் அத்தனையையும் புதுசு என்று எண்ணிவிடுவார். இதற்கு மூன்று வருடம் முன்பே, 2014-ல், கிட்ஹப்பை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கைக் கட்டுரை வந்தது. அவர்கள் பார்த்த திட்டங்களில் பத்தில் ஏழுக்கு ஒரே ஒரு ஆள்தான் கமிட் செய்திருந்தார் (கமிட் என்பது நிரலில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு), கமிட் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் திட்டத்துக்கு மொத்தம் ஆறு கமிட். வகுப்புப் பாடம், ஹோம்வொர்க், நாலு நாள் ஆர்வம். முதலமடையில் எத்தனை மாங்கன்று நட்டார்கள் என்பதை எண்ணிவிட்டு இந்த சீசனில் இத்தனை லாரி மாங்காய் போனது என்று சொல்வீர்களா? அந்த மாதிரிதான் இது.

எண்ணுவதற்குப் பரிசு வைத்தால் நிலைமை இன்னும் மோசம். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வில் நாலு புல் ரிக்வெஸ்ட் ('என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு திட்டத்துக்கு அனுப்புவது) போட்டால் ஒரு டீ-ஷர்ட் என்றிருந்தது. நம் ஊர்க் கல்லூரிப் பசங்களும் அதில் சளைக்கவில்லை. ஊர்பேர் தெரியாத திட்டங்களின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து, 'ஆவணத்தை மேம்படுத்தினேன்' என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பராமரிப்பவர்கள் கதறிய கதறலில் மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களில் மட்டும்தான் கணக்கு என்றார்கள். 2024-ல் என்பிஎம்மில் கிரிப்டோ டோக்கன் கிடைக்கும் என்ற ஆசையில் ஆயிரக்கணக்கில் வெற்றுப் பேக்கேஜ்கள் குவிந்தன. ஒரு திட்டம் பிடித்திருந்தால் போடும் கிட்ஹப் நட்சத்திரங்களும் காசுக்குக் கிடைக்கின்றன. சந்தேகத்துக்குரிய நட்சத்திரங்கள் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் என்று 2024 ஆய்வு ஒன்று கண்டுபிடித்தது. அந்த 2020 அக்டோபர் மாதப் பங்களிப்பு கிராஃபில் ஓர் உச்சி தெரிந்தால் அதை என்னவென்று விளக்குவீர்கள்?

இனி, கொஞ்சம் பழைய வழி. ரெப்போக்களை விட்டுவிட்டு நிரல் வரிகளை எண்ணுவது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டேவிட் வீலர். 2001-ல், லினக்ஸ் இயங்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்த விநியோகங்களில் ஒன்றான ரெட் ஹேட் லினக்ஸ் 7.1-ஐ எடுத்து, ஸ்லாக்கவுன்ட் என்று தானே எழுதிய கருவியை ஓட்டினார். 3 கோடிக்கு மேல் வரிகள் வந்தன. அதைக் கோகோமோ என்ற மதிப்பீட்டு சூத்திரத்தில் போட்டு, ஒரு கம்பெனி இதைச் சம்பளம் கொடுத்து எழுதியிருந்தால் 8,000 ஆள்-வருட உழைப்பும் 100 கோடி டாலருக்கு மேல் செலவும் ஆகியிருக்கும் என்றார். எந்தக் கோப்பை விட்டேன், எந்தக் கோப்பைத் தானாக உருவானது என்று கழித்தேன், சம்பளம் எவ்வளவு வைத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்ததுதான் அவரிடம் பிடித்தது. நீங்கள் வேறு சம்பளம் வைத்து மறுபடி போட்டுப் பார்க்கலாம். 2012-ல் ஜேம்ஸ் பிராம்பர்கர் இதே முறையை டெபியன் 7 என்ற இன்னொரு விநியோகத்துக்குப் பொருத்தினார்: 41.9 கோடி வரி, 1,900 கோடி டாலர்.

இந்த இரண்டையும் கோடு போட்டு இணைத்து, பதினோரு வருடத்தில் 14 மடங்கு வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். ரெட் ஹேட் பொறுக்கி எடுத்த தொகுப்பு, டெபியன் கிடைத்ததை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் கடல். ஒப்பிட்டால் டெபியனை டெபியனோடுதான் ஒப்பிட வேண்டும்.

வரிகளை எண்ணுவதிலும் கண்ணி இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 1.0 வெளிவந்த 1994-ல் ஏறக்குறைய 1.76 லட்சம் வரி. 2025 தொடக்கத்தில் 4 கோடியைத் தாண்டியது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 2020 வாக்கிலேயே அந்தக் கெர்னலில் பத்தில் ஒரு பங்கு ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டை இயக்குவதற்கான ஒரே ஒரு டிரைவர். அதிலும் பெரும்பகுதி சிப்பின் ரெஜிஸ்டர் முகவரிகளைப் பட்டியலிடும் ஹெடர் கோப்புகள், இயந்திரம் துப்பியவை. மனிதர் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. கோகோமோவுக்கு அது தெரியாது, அதற்கும் ஆள்-மாதம் போட்டு சம்பளம் கணக்கிட்டுவிடும். 2000-ல் காட்ஃப்ரேயும் டூவும் லினக்ஸின் வளர்ச்சியை ஆராய்ந்தபோதே, பெரும் வளர்ச்சி டிரைவர்களில்தான் நடக்கிறது என்று கண்டிருந்தார்கள். இப்போது ஏஐ கருவிகள் நிமிடத்துக்கு நூறு வரி எழுதித் தள்ளுகின்றன. இனி வரி எண்ணிக்கையை உழைப்பின் அளவாக வைத்தால் சிரிப்பார்கள்.

இரட்டிப்பு வேகம் பற்றி இரண்டு புகழ்பெற்ற கணக்குகள் இருக்கின்றன. உங்கள் அறிக்கையில் இரண்டும் கட்டாயம் வர வேண்டும், அருகருகே. 2008-ல் தேஷ்பாண்டேயும் டிர்க் ரீலேயும், ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பட்டியலிட்ட ஓலோ என்ற தளத்தின் தரவில் ஐயாயிரத்துச் சொச்சம் திட்டங்களை எடுத்து, 1995 முதல் 2006 வரை பார்த்து, மொத்த நிரல் சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றார்கள். 2020-ல் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தைச் சேர்ந்தவர்கள், உலகில் கிடைக்கும் பொது நிரல் அனைத்தையும் நகல் நீக்கிச் சேமிக்கும் அந்தக் களஞ்சியத்தை வைத்து, இதுவரை எங்கும் பார்த்திராத புதுக் கோப்புகள் சுமார் 22 மாதத்துக்கு ஒருமுறையும் புதுக் கமிட்கள் சுமார் 30 மாதத்துக்கு ஒருமுறையும் இரட்டிப்பாகின்றன என்றார்கள்.

வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதா? பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 14 மாதக் கணக்கில் 380 மடங்கு. 22 மாதக் கணக்கில் 44 மடங்கு. 30 மாதக் கணக்கில் 16 மடங்கு. மூன்றுமே அடுக்குக்குறி வளர்ச்சிதான், யாரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர்கள் ஓலோவில் அப்போது பதிவாகியிருந்த திட்டங்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். செத்துப்போன திட்டங்களை யாரும் அங்கே பதிந்திருக்க மாட்டார்கள், பிழைத்தவை மட்டுமே கணக்கில் வந்திருக்கும். அதோடு அவர்கள் எண்ணியது வரி. இரண்டாமவர்கள் பிழைத்தது செத்தது பார்க்காமல் எல்லாவற்றையும் எடுத்து, ஒரே உள்ளடக்கத்தை ஒருமுறைதான் எண்ணினார்கள். ஒரே ஒரு ஆய்வைத்தான் நம்ப வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் இரண்டாவதை எடுப்பேன்.

இப்போது லைசென்ஸுக்கு வருகிறேன். ஜிபிஎல் ஓய்ந்தது என்ற பேச்சு 2011-லேயே தொடங்கியது. பிளாக் டக் என்ற நிறுவனம் சேகரித்த தரவை வைத்து, ஜிபிஎல் குடும்பத்தின் பங்கு விழுந்துகொண்டே இருக்கிறது என்று 451 குரூப் என்ற ஆய்வு நிறுவனத்தின் மேத்யூ ஆஸ்லெட் எழுதினார். பெரிய சண்டை. 2012-ல் ஃபாஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் மாநாட்டில், ஜிபிஎல்லை எழுதிய எஃப்எஸ்எஃப் அமைப்பின் ஜான் சல்லிவன் எழுந்து, டெபியனில் எண்ணிப் பார்த்தேன், ஜிபிஎல் குடும்ப லைசென்ஸ் உள்ளே இருக்கும் பேக்கேஜ்கள் 90%-க்கு மேல் என்றார். ஒருவர் சரிகிறது என்கிறார், இன்னொருவர் எங்கும் நிறைந்திருக்கிறது என்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பிளாக் டக் வலையில் கிடைக்கும் எல்லாத் திட்டங்களையும் ஆளுக்கொரு ஓட்டு என்று எண்ணியது. சல்லிவன், ஒரு விநியோகத்தில் சேர்க்கத் தகுதி பெற்றவற்றை மட்டும் எடுத்து, உள்ளே ஒரு மூலையில் ஜிபிஎல் இருந்தாலும் கணக்கில் சேர்த்தார். அவர் இயக்கத்துக்காரர். பிளாக் டக்கோ கம்பெனிகளுக்கு லைசென்ஸ் ஆபத்தைக் கண்டுபிடித்துத் தரும் வியாபாரம் செய்வது. எண்ணுபவரின் தொழில் என்ன என்பதை உங்கள் அறிக்கையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

எம்ஐடி ஏறியது உண்மை. கிட்ஹப்பின் 2015 கணக்கில், லைசென்ஸ் வைத்திருந்த ரெப்போக்களில் 45% எம்ஐடி. அது ஏன் ஏறியது என்பதற்கு வெறும் விருப்பம் மட்டும் காரணமில்லை. கிட்ஹப் வைத்த உதவிப் பக்கத்தில் 'சுருக்கமாக வேண்டுமா, இதை எடுத்துக்கொள்' என்று எம்ஐடியைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். என்பிஎம்மில் ஐஎஸ்சி என்ற லைசென்ஸ் லட்சக்கணக்கில் தென்படும். அதை விரும்பித் தேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். புதுப் பேக்கேஜ் தொடங்கும்போது என்டர் தட்டிக்கொண்டே போனால் பல வருடமாக அதுதான் தானாக விழுந்தது. ரஸ்ட் மொழிக்காரர்கள் எம்ஐடி அல்லது அப்பாச்சி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று இரட்டையாகக் கொடுப்பது வழக்கம். பெர்ல் மொழியின் நூலகங்கள் ஜிபிஎல் அல்லது ஆர்ட்டிஸ்டிக். இவற்றை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2012 வரை எம்ஐடி, ஜிபிஎல் இரண்டிலும் கிடைத்தது, பிறகு எம்ஐடி மட்டும் என்றார்கள். பயன்படுத்துபவருக்கு ஒன்றும் மாறவில்லை, புள்ளிவிவரத்தில் ஜிபிஎல்லுக்கு ஒரு பெரிய திட்டம் போச்சு.

நீங்கள் பள்ளியில் பயன்படுத்திய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல நிரல் பல வருடம் ஜிபிஎல்லில் வந்தது. ஆனால் நிறுவிக்கொள்ளும் தொகுப்புக்கு வணிகப் பயன்பாடு கூடாது என்று தனி நிபந்தனை. இது ஓப்பன் சோர்ஸா இல்லையா என்று டிக் போடச் சொன்னால் நான் எந்தப் பெட்டியிலும் போட மாட்டேன், 'கலப்பு' என்று மூன்றாவது ஒன்று வரைவேன்.

முக்கியமான இன்னொன்று, பங்கு வேறு, அளவு வேறு. வீலர் எண்ணிய 2001 தொகுப்பில் சி மொழியின் பங்கு 71%. பிராம்பர்கர் எண்ணிய டெபியன் 7-இல் சுமார் 40%. சதவீதத்தைப் பார்த்தால் சி சரிந்துவிட்டது. வரிகளைப் பார்த்தால் 2 கோடிச் சொச்சத்திலிருந்து 16 கோடிக்கு மேல். தொகுப்புகள் வேறு என்பதை மேலே சொல்லிவிட்டேன், அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் சி தேய்ந்ததாகச் சொல்ல வழியில்லை. சுற்றிலும் மற்றவை அதைவிட வேகமாக வந்தன. ஜிபிஎல் கதையும் இதேதான். புது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் லட்சக்கணக்கில் எம்ஐடியில் வரும்போது ஜிபிஎல்லின் சதவீதம் கண்டிப்பாக விழும், ஒரு ஜிபிஎல் திட்டம்கூட மூடாமலே. என்பிஎம் பேக்கேஜ்களில் சில பத்துப் பதினைந்து வரி மட்டும் உள்ளவை. 2016-ல் என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான திட்டங்களை முடக்கிய லெஃப்ட்-பேடு 11 வரி. அதுவும் ஒரு ஓட்டு, கெர்னலும் ஒரு ஓட்டு.

சமீபத்திய இன்னொரு ஓட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் மென்பொருள் எழுதும் கம்பெனிகளில் 2018-ல் மாங்கோடிபி, 2021-ல் எலாஸ்டிக், 2023-ல் ஹாஷிகார்ப், 2024-ல் ரெடிஸ் என்று வரிசையாகத் தங்கள் லைசென்ஸை ஓப்பன் சோர்ஸ் வரையறைக்கு வெளியே கொண்டுபோனார்கள். கிளவுட் கம்பெனிகள் இலவசமாக எடுத்து விற்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் திரும்பி வந்து, ஜிபிஎல் குடும்பத்து ஏஜிபிஎல்லை ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். விட்டுக்கொடுத்தால் நஷ்டம் என்று பயந்தவர்களில் இந்த இருவரும் ஜிபிஎல் குடும்பத்திடம்தான் போய் நின்றார்கள். ரெப்போ எண்ணிக்கையில் இது ஒரு தூசு, உலகம் முழுவதும் சர்வர்களில் ஓடுகிற மென்பொருள் என்று பார்த்தால் பெரிய செய்தி.

மொழிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சத்தம் அதிகம், சரக்கு குறைவு. மொழிகளை வரிசைப்படுத்தும் டியோபி பட்டியல் தேடுபொறிகளில் அந்த மொழியின் பெயருக்கு எத்தனை பக்கம் விழுகிறது என்று பார்ப்பது. அதில் சி மொழி 2017 ஆகஸ்டில் 6.5% அளவுக்கு விழுந்தது, 2020 மே மாதம் 17%-ஐத் தொட்டு ஜாவாவை முந்தி முதலிடம் வந்தது. உலகத்தில் பாதிப் பேர் சி எழுதுவதை நிறுத்திவிட்டு மூன்று வருடத்தில் மறுபடி தொடங்கினார்களா என்ன! ஆடியது அளவுகோல். ரெட்மங்க் பட்டியல் கிட்ஹப்பையும், நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் சேர்த்துப் போடுவது, கொஞ்சம் நிதானமானது. ஆனால் 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி கேட்பவர்களே குறைந்துபோனார்கள், ஒரு கால் ஊனமாகிவிட்டது.

நீங்கள் சொன்ன டைப்ஸ்கிரிப்ட், 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பில் மாதாமாதம் பங்களிப்பவர் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் பைத்தான் ஜாவாஸ்கிரிப்டை முந்தியிருந்தது. இன்றைய வெப் ஃபிரேம்வொர்க்குகள் புதுத் திட்டம் தொடங்கினாலே டைப்ஸ்கிரிப்டில்தான் கோப்புகளை உருவாக்கித் தருகின்றன. என்பிஎம்மின் ஐஎஸ்சி கதைதான் இங்கும். ஜாவாஸ்கிரிப்டையும் டைப்ஸ்கிரிப்டையும் ஒன்றாக எண்ணினால் வரிசையே வேறு. அப்புறம், கிட்ஹப் ஒரு ரெப்போவின் மொழியை பைட் அளவை வைத்துக் காட்டுகிறது. நிரலும் அதன் விளைவும் ஒரே கோப்பில் இருக்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் ஒரு படம் ஒட்டினால் போதும், அந்தப் படத்தின் எடை முழுவதும் மொழிக் கணக்கில் ஏறும். பத்து வரி பைத்தான் எழுதிய மாணவரின் ரெப்போவில் 98% ஜூபிட்டர் என்று காட்டுவது இதனால்தான்.

இத்தனையிலும் பயன்பாடு என்ற ஒன்று எங்கேயாவது வந்ததா? வரவில்லை. எனக்கு இதில்தான் ஆதங்கம். கேரளப் பள்ளிகள் 2000-களின் நடுவிலிருந்தே ஜிஎன்யூ/லினக்ஸுக்கு மாறிவிட்டன. ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கியது, 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமானது. கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகூட படம் திருத்தும் ஜிம்ப்பும் வரையும் இங்க்ஸ்கேப்பும் பைத்தானும் தொட்டுவிட்டுத்தான் பத்தாவது முடிக்கிறது. வாளையாறு தாண்டி இந்தப் பக்கம் கல்லூரிக்கு வந்த பிறகுதான் பலர் முதல்முறையாக வின்டோஸைப் பார்க்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிட்ஹப் கணக்கே கிடையாது. ஒரு கிராஃபிலும் அவர்கள் ஒரு புள்ளியாகக்கூட இல்லை. ஒரு மென்பொருளை எடுத்து ஆயிரம் இயந்திரத்தில் நகலெடுத்துப் போட்டாலும் யாருக்கும் தகவல் போகாது, அந்த உரிமையைக் கொடுப்பதுதானே இந்த லைசென்ஸ்களின் வேலையே.

இதற்குப் பண மதிப்புப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 2019-ல் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் விநியோகத்தை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கான பதிப்பு வந்தபோது, 2 லட்சம் கணினிகளுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம். அதே வேலைகளைச் செய்யும் காசு மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினிக்கும் வாங்கியிருந்தால் என்று போட்ட கணக்கு அது. உண்மையில் எந்த அரசும் பள்ளி லேபுக்கு அவ்வளவையும் வாங்கியிருக்காது, ஓர் ஆபீஸ் தொகுப்போடு நிறுத்தியிருக்கும், பிள்ளைகள் மற்றதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆகவே மிச்சம் என்பதைவிட, கிடைத்ததன் சந்தை விலை என்று அதைப் படிப்பது சரி. 2024-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வறிக்கை ஒன்றில் ஹாஃப்மன், நேகல், ஷோ மூவரும் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். பரவலாகப் பயன்படும் ஓப்பன் சோர்ஸை ஒருமுறை மறுபடி எழுத ஆகும் செலவு 415 கோடி டாலர். அது இல்லாமல் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தேவையானதைத் தானே எழுத வேண்டியிருந்தால் 8.8 லட்சம் கோடி டாலர். அந்தப் பயன்பாட்டு மதிப்பில் 96%-ஐ உருவாக்கியவர்கள் 5% டெவலப்பர்கள்தான் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் யாரோ வைத்த பின்கதவு இரண்டும் வெடித்தது, உலகமே சாய்ந்து நிற்கும் சின்னத் திட்டங்களை ஓரிரு ஆட்கள் தாங்கிக்கொண்டிருந்த இடங்களில். ரெப்போ எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மகிழ்பவர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அப்படியானால் புராஜெக்டை என்ன செய்வது? 60 கோடியை விடுங்கள், உங்களால் முழுதாகத் தொட்டுப் பார்க்க முடிகிற ஒரு குவியலை எடுங்கள். உங்கள் பழைய பள்ளி லேபில் ஓடிய தொகுப்பே அருமையான குவியல். உபுண்டு 18.04-ஐ வைத்து வந்ததையும் 22.04-ஐ வைத்து வந்ததையும் இரண்டு மெய்நிகர் கணினியில் போடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று போதும்: கேரளத்துப் பள்ளி மாணவர் முன்னால் அரசு வைத்த மென்பொருளில் இடைப்பட்ட வருடங்களில் லைசென்ஸும் மொழியும் எப்படி மாறின?

டிபிகேஜி கட்டளை நிறுவிய பேக்கேஜ் பட்டியலைத் தரும். அதை அப்படியே எண்ணாதீர்கள், லிபர் ஆபீஸ் ஒன்றே பல பேக்கேஜாக உடைந்து கிடக்கும். அவையெல்லாம் உருவான மூலப் பேக்கேஜின் பெயரை எடுத்து, அதை வைத்து ஒன்று சேர்த்து எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் டாக் ஃபோல்டருக்குள் 'காப்பிரைட்' என்று ஒரு கோப்பு இருக்கும். டெபியன் 2012-ல் அதற்கு இயந்திரம் படிக்கக்கூடிய வடிவம் ஒன்றை வகுத்தது, எல்லாரும் பின்பற்றவில்லை, பழையவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். பேக்கேஜ் கட்டியவர் தன் ஸ்கிரிப்டுகளுக்கு வைத்த லைசென்ஸும் அதே கோப்பில் இருக்கும், அதைக் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் எம்ஐடி மென்பொருளும் ஜிபிஎல் என்று விழும். ஜிபிஎல்லில் 'இரண்டாம் பதிப்பு மட்டும்', 'இரண்டு அல்லது அதற்குப் பிந்தைய எதுவும்' இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எஸ்பிடிஎக்ஸ் என்ற குறியீட்டு முறை, 2021-ல் ஐஎஸ்ஓ தரமானது, இதற்கென்றே இருக்கிறது.

மொழிக்கு மூல நிரலை இறக்கி, வரிகளை மொழிவாரியாக எண்ணும் கிளாக் கருவியை ஓட்டுங்கள். முடிவை அட்டவணையில் இரண்டு நெடுவரிசையாகப் போடுங்கள்: வரிக்கு ஓர் ஓட்டு, பேக்கேஜுக்கு ஓர் ஓட்டு. இரண்டிலும் வரிசை மாறும், அந்த மாற்றத்தை விளக்கினாலே உங்கள் நாலாவது அத்தியாயம் முடிந்துவிடும். சதவீதம் போடும் இடமெல்லாம் பக்கத்திலேயே எண்ணிக்கையும் போடுங்கள்.

கருவியை மொத்தமாக ஓடவிடுவதற்கு முன்னால், சின்னதாக இருபது பேக்கேஜ்களைக் குலுக்கலில் எடுத்து, காப்பிரைட் கோப்பைக் கையால் படித்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு கருவி அதே இருபதுக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். எத்தனை இடத்தில் முரண்படுகிறது என்ற எண்ணை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், வைவாவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். 18.04 தொகுப்பு உங்களிடம் இல்லையென்றால் பழைய பள்ளியில் ஐடி பார்க்கும் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், அலமாரியில் ஒரு பென்டிரைவ் கண்டிப்பாகக் கிடக்கும். நகலெடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை, ஜியோஜீப்ரா மாதிரி ஒன்றிரண்டின் நிபந்தனையை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.